கெட்டியான தரை எனக் கொள்க

ஜூன் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அடுத்த வரியைப் படித்ததும் நீ சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தைப் படி. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். தனித்தேர்வர் என்று அச்சடித்து ஒரு அட்டை வந்திருக்கிறது. போட்டோவில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறேன்.

அம்மா போனபோது உனக்கு மூன்று வயது. அன்றைக்கு மூடி வைத்த புத்தகத்தை நாற்பத்தொரு வயதில் திறந்திருக்கிறேன். தமிழும் வரலாறும் பார்த்துக்கொள்வேன். இயற்பியலும் கணக்கும்தான் கழுத்தைப் பிடிக்கின்றன. வீட்டில் கல்லூரி விரிவுரையாளரை வளர்த்து வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

விடுதியில் இந்த வருஷம் இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் மூன்று வேளை சமைத்துப் போட்டுவிட்டு மாலையில் அவர்களோடு நானும் நோட்டுப் புத்தகத்தோடு மாடியில் உட்காருகிறேன். என்னைப் 'புது அட்மிஷன்' என்று கூப்பிடுகிறார்கள். உட்கார இடம் தாராளமாக இருக்கிறது. போன வருஷம் உன் அத்தான் நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கிப் படிப்புக்கூடம் கட்டிக்கொடுத்தார் அல்லவா, அங்கேதான். அந்தச் செங்கல்லை எல்லாம் கூடையில் அள்ளிக் கீழே கொட்டியது நான். இன்னும் முதுகு வலிக்கிறது. இப்போது கூடத்துக்கு மேலே மொட்டைமாடியில் புதுத் தண்ணீர்த் தொட்டியும் அவரே கட்டுகிறார். பழைய தொட்டித் தண்ணீர் இரண்டு நாளைக்குக்கூடப் போதவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். நூற்றைம்பது மீட்டர் நீள ரயில், முந்நூற்றைம்பது மீட்டர் பாலத்தை இருபத்தைந்து விநாடியில் கடக்கிறது. வேகம் என்ன? எனக்குப் பதினான்கு வருகிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருபது என்று போட்டிருக்கிறது. இன்னொன்று, மேல்நோக்கி எறிந்த பந்து. 'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' என்கிறார்கள். காற்று இருக்கும்போது எப்படிப் புறக்கணிப்பது?

போனில் கேட்கலாம் என்றால் வார்டன் அம்மாவின் அறையில் இருக்கும் போன் மழையில் செத்துவிட்டது. அதுவுமில்லாமல் படம் போட்டு விளக்க வேண்டியதைப் போனில் எப்படிச் சொல்வாய்? கடிதமே எழுது.

பதிலுக்கு வழி பார்க்கும்,
உன் புது மாணவி, அக்கா


ஜூன் 10

அன்பு அக்காவுக்கு,

சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் நீ என்னைக் கேலி செய்வாய்.

ரயில் பாலத்தைக் கடப்பது என்றால் கடைசிப் பெட்டியும் அந்தப் பக்கம் போக வேண்டும். அதனால் ரயிலின் சொந்த நீளத்தையும் சேர்க்க வேண்டும். நூற்றைம்பதும் முந்நூற்றைம்பதும் ஐந்நூறு. இருபத்தைந்தால் வகு. இருபது. நீ பாலத்தை மட்டும் பார்த்தாய், ரயிலை மறந்துவிட்டாய். முதல் வருஷப் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள், நானும் தினமும் கத்துகிறேன்.

காற்று இருக்கிறதுதான். ஆனால் அதன் விளைவு சின்னது. சின்னதை விட்டுவிட்டால்தான் கணக்கைப் போட முடியும். இதற்குப் புறக்கணிக்கத்தக்கது என்று பெயர். உனக்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டால் தேறிவிடுவாய். கணக்கில் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள். கொடுக்காததை நீயாகக் கற்பனை செய்து சேர்க்காதே. உனக்கு அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. நான் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் லாரியில் அடிபட்டுவிட்டேன் என்று தெருமுனையில் வந்து நிற்பாய்.

இன்னும் கணக்குகள் அனுப்பு. இரண்டு தாளில் படங்களோடு விளக்கம் வைத்திருக்கிறேன்.

உன் ஆசிரியை (இப்படிக் கையெழுத்துப் போட எவ்வளவு நாள் ஆசை!),
சின்னு


ஜூன் 27

அன்புள்ள சின்னுவுக்கு,

விளக்கம் கிடைத்தது. ரயில் கணக்கை இப்போது தூக்கத்திலும் போடுவேன். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். 'அக்கா, நீங்களே டீச்சரா வந்துடுங்க' என்றார்கள். அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டேன்.

ஒரு குறை சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு தாள் நிறையப் பந்தும் ரயிலும் வரைந்தாய். அத்தான் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி கேட்கவில்லை. அவர் கட்டிய உன் வீட்டுக் குளியலறை ஒழுகியது உண்மைதான். ஆனால் நாலு பேர் எதிரில் 'அளவுகோல் இல்லாமல் வேலை செய்கிறவர்' என்று நீ சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. மூன்று வருஷம் ஆயிற்று. இப்போது எந்த வேலைக்குப் போனாலும் சட்டைப்பையில் அளவு டேப் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

தொட்டி வேலை முடிந்துவிட்டது. ஊரே பார்க்கிற மாதிரி மேலே நிற்கிறது. ஒரு சின்னத் தொல்லை மட்டும். படிப்புக்கூடத்துக் கதவு திடீரென்று சட்டத்தில் உரசுகிறது, சாத்த வரவில்லை. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று தச்சரைக் கூப்பிட்டு மேல்பக்கம் இழைத்துவிட்டோம். இப்போது வெண்ணெய் மாதிரி சாத்துகிறது.

இந்த முறை கணக்கு இதுதான்.

ஒரு தண்ணீர்த் தொட்டியின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், ஆழம் 2 மீட்டர். அதைக் கெட்டியான தரையில் நிற்கும் நான்கு சமமான தூண்கள் தாங்குகின்றன. தூணின் ஒவ்வொரு பக்கமும் 25 சென்டிமீட்டர். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு தூண் தாங்கும் எடை எவ்வளவு? தூண்கள் தாங்குமா?

சீக்கிரம் எழுது. பிள்ளைகளின் கணக்கு வாத்தியார் இது பரீட்சையில் கட்டாயம் வரும் என்றாராம்.

உன் அக்கா


ஜூலை 4

அன்பு அக்காவுக்கு,

நல்ல கணக்கு. நாலு மூன்று பன்னிரண்டு, இரண்டால் பெருக்கினால் இருபத்து நாலு கன மீட்டர். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. ஆக இருபத்து நாலாயிரம் கிலோ. நாலு தூணுக்கும் சமமாகப் பிரித்தால் ஆறாயிரம், அதாவது ஆறு டன். தொட்டியின் சொந்த எடையைக் கொடுக்கவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

'தாங்குமா' என்று எந்தப் பாடப்புத்தகத்தில் கேட்கிறார்கள்? தாங்கும். நல்ல கான்கிரீட் என்றால் அந்த அளவு தூண் இதைப்போல் ஐந்து மடங்கையும் தாங்கும். படம் வரைந்து அம்புக்குறி போட மறக்காதே, அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, மூச்சு விட நேரமில்லை. உன் கடிதம் வந்தால் முதலில் கணக்கைத்தான் தேடிப் படிக்கிறேன். விடையை எழுதித் தபாலில் போட்டுவிட்டால் ஒரு வேலை முடிந்தது பார்.

சின்னு


ஜூலை 18

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் விடையை நான்கு முறை படித்தேன். ஐந்து மடங்கு என்று நீ எழுதிய இடத்தில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

கதவு மறுபடி உரசியது. தச்சர் மறுபடி வந்து இழைத்தார். மரம் ஊதினால் பக்கவாட்டிலும் ஊத வேண்டும், இது மேல்பக்கம் மட்டும் ஏன் என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். பிள்ளைகளின் நோட்டில் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ விழுகிறது. ஊதிவிட்டு எழுதுகிறார்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்கிறது என்று அத்தான் சொன்னார். வார்டன் அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகளைக் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தொட்டியிலும் கால்வாசிக்குமேல் நிரப்ப வேண்டாம் என்றார்கள். அத்தானுக்கு அது பெரிய அவமானம். சரியாகச் சாப்பிடுவதில்லை. 'எல்லாரும் என்னச் சந்தேகமாவே பாருங்க' என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். பொய்தான்.

கணக்கு. முன்பு அனுப்பிய அதே தொட்டி, அதே தூண்கள். அவற்றில் இரண்டு தூண்கள் மட்டும் ஒரு விரல் அளவு கீழே இறங்கினால் மற்ற இரண்டும் தாங்குமா?

நான் போட்ட படத்தையும் வழியையும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பின்பக்கத்தில் இதற்கு விடை இல்லை. அதனால் நீ எழுதுவதைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 24

அன்பு அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், முந்நூறு விடைத்தாள் மேஜையில் குவிந்து கிடக்கிறது.

இந்தக் கணக்கே தப்பு. கெட்டியான தரை என்று கொடுத்துவிட்டால் தூண் இறங்காது. இறங்கினால் அது கெட்டியான தரை இல்லை. வாத்தியாரிடம் நான் சொன்னதாகச் சொல். ஒரு பேச்சுக்கு இறங்கியது என்றே வைத்துக்கொண்டாலும், மொத்த எடையும் மற்ற இரண்டின்மேல் விழும். தூணுக்குப் பன்னிரண்டு டன். அப்போதும் தாங்கும். போதுமா?

உன் படம் அழகாக இருந்தது, அம்புக்குறிகளும் சரி. நீயே போட்டுப் பார்த்த வழியையும் திருத்தி இத்தோடு அனுப்புகிறேன். முழு மதிப்பெண். உனக்குப் பெருமையாக இருக்கட்டுமே என்று அந்தத் தாளில் துறை முத்திரையையும் குத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டிக்கொள்!

சின்னு


ஆகஸ்ட் 3

என் தங்கச் சின்னுவுக்கு,

மாட்டிவிட்டேன்! சட்டம் போடவில்லை, பசையால் ஒட்டினேன். படிப்புக்கூடத்துச் சுவரில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி.

வார்டன் அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் படித்தார்கள். 'இயற்பியல் துறையா? உங்க தங்கச்சியா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். தாங்கும் என்று கல்லூரியிலேயே எழுதிக் கொடுத்த பிறகு என்ன பயம், பிள்ளைகள் மேலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பதாம் தேதி மாலையிலிருந்து எல்லாரும் பழையபடி மாடியில். பத்தாம் தேதி காலையில் முதல் முறையாகத் தொட்டியை முழுதும் நிரப்பப் போகிறார்கள். அத்தான் அந்தத் தாளுக்கு எதிரில் ரொம்ப நேரம் நின்றார். 'உன் தங்கச்சியே சொல்லிட்டாளா?' என்று கேட்டார். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார். நீ எனக்குச் செய்த உதவிகளில் இது பெரிது.

கதவுதான் பாடாய்ப் படுத்துகிறது. தச்சர் மூன்றாவது முறை வந்தார். இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு இழைக்காமல் நின்றார். 'இனிமே இழைக்க இதுல மரம் இல்லம்மா. கதவு பெரிசாகல. மேல இருக்கற சட்டம் கீழ வருது' என்றார். நல்ல ஆள்தான், ஆனால் வேலைக்குச் சோம்பல் வந்துவிட்டால் இப்படித்தான் ஏதாவது சொல்லுவார். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரி சிரி என்று சிரித்தார்கள். இப்போது கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.

இந்த முறை கணக்கு எதுவும் இல்லை. நீயும் ஓய்வெடு.

உன் அக்கா


ஆகஸ்ட் 9, காலை பதினொன்று, பேருந்து நிலையம்

அக்கா,

உன் கடிதம் இரண்டு நாளாக என் மேஜையில் பிரிக்காமல் கிடந்தது. இன்று காலை பிரித்தேன். கணக்கு இல்லாததால் முதல் தடவையாக உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தேன்.

தச்சர் சொன்னது சரி. அங்கே சரியாகச் சொன்னது அவர் ஒருவர்தான்.

உடனே பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கதவு. மாவு. ஜூன் மாதமே எழுதியிருக்கிறாய், அத்தான் நடுச்சுவரை இடித்தார் என்று. தொட்டி அந்தக் கூடத்துக்கு மேலே. அப்படியென்றால் இரண்டு தூண்களுக்குக் கீழே இருந்த சுவர்தான் இப்போது இல்லை. அவை தரையில் நிற்கவில்லை, வெறும் கூரையில் நிற்கின்றன. தூண் ஐந்து மடங்கு தாங்கும் என்று எழுதினேனே, தூணைத் தாங்குவது எது என்று கேட்கவில்லையே! தொட்டியின் சொந்த எடையைக்கூட விட்டுவிட்டேன். ரயிலை மறந்துவிட்டாய் என்று உனக்கு எழுதிய நான். அது வீட்டுப்பாடமே இல்லை, இல்லையா அக்கா?

விடுதி போன் இன்னும் வேலை செய்யவில்லை. உங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தைக் கூப்பிட்டேன், எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். இந்தப் பேருந்தில் இடமில்லை, மலைப்பாதை என்று நிற்கவும் விடமாட்டேன் என்கிறார்கள். நடத்துநர் கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றார். மாலை நாலு மணிக்கு உன் கையில் இருக்கும். அடுத்த பேருந்தில் நான் வருகிறேன்.

பிள்ளைகளை மாடிக்கு விடாதே. ஒருத்தியைக்கூட விடாதே. முத்திரை குத்திய அந்தத் தாளைக் கிழித்துப் போடு. தொட்டியில் இருக்கும் தண்ணீரை உடனே வடித்துவிடச் சொல். அத்தானிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். உண்மையாகவே இல்லை.

வண்டியைக் கிளப்புகிறார்கள்.

சின்னு


செப்டம்பர் 2

சின்னுவுக்கு,

நீ இங்கே இருந்த நான்கு நாளும் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசியதெல்லாம் காதில் விழுந்தது. வாய்தான் வரவில்லை. எழுத வருகிறதா என்று பார்க்கிறேன்.

நடத்துநர் நாலு மணிக்குச் சரியாகக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். சமையலறை வாசலில் நின்றே படித்தேன். அத்தான் ஒரு நாள் முன்னதாகவே, மத்தியானத்திலிருந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார். பத்தாம் தேதி எல்லாரும் பார்க்க வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்று ஆசை. நான் போய் மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். நாலரைக்குப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்தார்கள். 'என்னக்கா, வழிய மறிச்சிட்டு உக்காந்திருக்கீங்க, டிக்கெட் வாங்கணுமா?' என்றாள் ஒருத்தி. எல்லாரும் கீழே போங்கள் என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து எண்ணினேன். இருபத்திரண்டு. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

அதற்குப் பிறகு உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படியோரம் நின்று இரண்டு தடவை படித்தார். 'அளவுகோல் இல்லாம வேல செய்யறவன்னு அன்னைக்கே சொன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கா' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, 'கோபமில்லைன்னு எழுதியிருக்காளே' என்று ஒரு மாதிரி சிரித்தார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

தண்ணீரை வடிக்கச் சொன்னாய். வடிக்கிற வால்வு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. நான் எழுதியதில்லை. அது மொட்டைமாடியில், தொட்டிக்கு அடியில், அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் இருக்கிறது. எனக்குத் தெரியும். அவர் படிக்கு வந்தபோது நான் மறுபடி அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு பிள்ளைகளை மறித்த நான், அவர் வந்ததும் நகர்ந்து வழி விட்டேன். அவர் கையால் கட்டியதை அவர் கையாலேயே சரிசெய்யட்டும், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடட்டும் என்று நினைத்தேன். மேலே தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வடிகிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த சத்தம் வேறு. தொட்டியோடும் கூரையோடும் அவரும் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போகும்போது வாசலில் நின்று, 'எல்லாம் என் தப்புக்கா, நான் கேட்டிருக்கணும்' என்று அழுதாய். அதை நான் அப்படியே விட்டுவிட்டேன். அது சரியில்லை.

எனக்கு முதலிலேயே தெரியும். அந்தச் சுவரின் செங்கல்லைச் சுமந்தவள் நான். தொட்டியின் தூண் எழும்பத் தொடங்கிய அன்றே, கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோதே, இதன் அடியில் ஒன்றுமில்லையே என்று பட்டது. அவரிடம் சொன்னால், நீயும் உன் தங்கச்சி மாதிரி ஆரம்பிச்சுட்டியா என்பார். உன்னிடம் சொன்னால் பார்த்தாயா என்பாய். அதனால் கணக்காக்கி அனுப்பினேன். முதலில் நோட்டில் 'கூரையின்மேல்' என்றுதான் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு 'கெட்டியான தரையில்' என்று எழுதினேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கூரை என்று எழுதினால் நீ என்ன விடை எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். தாங்கும் என்று உன் கையால் எழுதி வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. நான் கொடுத்ததை வைத்து நீ சரியாகத்தான் போட்டாய்.

பரீட்சைக்கு நான் போகவில்லை. புத்தகங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். நீ இங்கே வர வேண்டாம், இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். உன்மேல் கோபமில்லை. உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தத் தாளை ஒட்டிய சுவர் ஞாபகம் வருகிறது, அதனால்தான்.

தொட்டியில் தண்ணீர் இருபத்து நாலாயிரம் கிலோ. உன் அத்தான் அறுபத்தெட்டு கிலோ. அவர் சரியாகச் சாப்பிடாதபோது, ஜூலையில், மருத்துவமனையில் எடை பார்த்தோம். இருபத்து நாலாயிரத்துக்குப் பக்கத்தில் அறுபத்தெட்டைப் புறக்கணிக்கலாம் என்று படித்தவர்கள் நீங்கள் சொல்லுவீர்கள். நேற்று நோட்டில் எழுதிப் பார்த்தேன். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு இருபத்து நாலாயிரத்து அறுபத்தெட்டு என்றுதான் வருகிறது.

அக்கா